150 மி.மீ. லென்ஸ்: சிம்மார்-எஸ், சிரோனார்-என், நிக்கார்-டபிள்யூ மூன்றில் எதை வாங்கலாம்?

குறுக்குத்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த தை மாதம் 4×5 அங்குல ஃபிலிம் பயன்படுத்தும் மடக்கு மரக் கேமரா ஒன்று என் கைக்கு வந்தது. துருத்தியில் ஓட்டை இல்லை. தேய்த்த கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் சிறிது உடைந்திருக்கிறது. லென்ஸ் இல்லாமல்தான் வாங்கினேன். நண்பர் ஒருவர் ஒரு வாரத்திற்கு இரவல் கொடுத்த 150 மி.மீ. லென்ஸில் பார்த்தபோது அந்தப் பார்வைக் கோணம் எனக்குப் பழகிவிட்டதால், குவியத் தூரத்தைப் பொறுத்தவரை முடிவு செய்துவிட்டேன். எந்த 150 என்பதில்தான் ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. முதலாவது, இங்கே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோ நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இருக்கும் ஷ்னைடர் சிம்மார்-எஸ். அவர் 22,000 ரூபாய் சொல்கிறார். "கோபால் ஷட்டர், நல்ல ஷட்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது கோப்பல் என்னும் ஜப்பானிய ஷட்டரைத்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. அவருடைய கடைக்குள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. லென்ஸ் பெட்டி பரணில் இருந்ததால் நனையவில்லை என்கிறார். இரண்டாவது, மதுரையில் ஒருவரிடம் உள்ள ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், 30,000 ரூபாய். வந்து பார்த்துப் படம் எடுத்துச் சோதித்த பிறகே பணம் கொடுத்தால் போதும் என்கிறார். மூன்றாவது, ஜப்பானிலிருந்து ஏல முறையில் விற்கப்படும் நிக்கார்-டபிள்யூ. தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தால் மதுரை விலைக்கு அருகில் வந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம்.

நான் எடுக்க விரும்புபவை மூன்று வகை. டவுன் ரத வீதியிலிருந்து நெல்லையப்பர் கோயில் கோபுரம். அங்கே முப்பது மீட்டருக்கு மேல் பின்னால் போக இடமில்லை, போனால் கடைகளின் தகரக் கூரை குறுக்கே வந்துவிடும். அடுத்தது, கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள், குறிப்பாகக் குறவனும் ரதியும். மூன்றாவது, ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலின் கல் மண்டபம், அதிகாலையில், தண்ணீர் பளபளக்கும் நேரத்தில். கருப்பு வெள்ளையில் மட்டுமே எடுப்பேன். 16×20 அங்குலத்திற்கு மேல் அச்சிடும் எண்ணமில்லை.

அட்டவணைகளில் சிம்மார்-எஸ் லென்ஸின் பிம்ப வட்டம் (லென்ஸ் தெளிவான பிம்பத்தை விழச்செய்யும் வட்டத்தின் விட்டம்) 210 மி.மீ., சிரோனார்-என் 214, நிக்கார் 210 என்று போட்டிருக்கிறார்கள். இந்த நான்கு மி.மீ. வித்தியாசத்திற்காக எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா? ஜெர்மன் கண்ணாடி, ஜப்பான் கண்ணாடி என்று பேசுகிறார்களே, அதில் ஏதேனும் பொருள் உண்டா?

பாளை கருப்புத்துணி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பால் ருடால்ஃப் 1918இல் உருவாக்கிய பிளாஸ்மாட் என்னும் அமைப்பிலிருந்து வந்தவை. மூன்றிலும் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக, ஷட்டருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றையொன்று பார்த்தபடி அமர்ந்திருக்கும். மூன்றும் எஃப் 5.6 திறப்புடையவை (எஃப் எண், அதாவது துளை எண், கூடக் கூட ஒளி புகும் துளை சிறுக்கும்), மூன்றையும் எஃப் 22இல் பயன்படுத்தவேண்டும் என்று எண்ணியே கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே காட்சியை மூன்றிலும் எடுத்து, எந்த எதிர்மறை (நெகட்டிவ்) எதனுடையது என்று என்னிடம் கேட்டால், என்னால் சொல்ல முடியாது. சொல்லமுடியும் என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் பெயரை மறைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

நான்கு மி.மீ. கணக்கைக் கோபுரத்தின் மேலேயே போட்டுவிடுவோம். கேமராவை அண்ணாந்து நிறுத்தினால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் விழும் என்பதால், கேமராவை மட்டமாக வைத்து, லென்ஸைத் தாங்கும் முன் பலகையை மேலே ஏற்றுவீர்கள். முப்பது மீட்டர் தூரத்தில் 150 மி.மீ. லென்ஸ் என்றால் காட்சி இருநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது; அதாவது ஃபிலிமில் ஒரு மி.மீ. என்பது கோபுரத்தில் 20 செ.மீ. ஃபிலிமின் பயன்படும் பரப்பு சுமார் 95×120 மி.மீ.; அதை நெட்டுவாக்கில் நிறுத்தினால் 24 மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் வரும், ஆனால் அதில் பாதி தரைக்குக் கீழே வீணாகும். லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பலகையை ஏற்றாத நிலையில் நீங்கள் பிடிக்கக்கூடிய உச்சி 13.5 மீட்டர்.

இனி வட்டத்துக்கு வருவோம். 210 மி.மீ. வட்டத்துக்குள் நெட்டுவாக்குச் சட்டகத்தை மேல் மூலைகள் இருளாமல் எத்தனை மி.மீ. நகர்த்தலாம் என்று வடிவக் கணிதத்தில் போட்டால் 33.6 வருகிறது, 214க்கு ஏறக்குறைய 36. முதலாவதில் கோபுரத்தின் 20.2 மீட்டர் உயரம் வரை எட்டும், இரண்டாவதில் 20.7 மீட்டர். எட்டாயிரம் ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது அரை மீட்டர், கலசத்தில் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ரோடன்ஸ்டாக்கின் அப்போ-சிரோனார்-எஸ் 231 மி.மீ. வட்டம் தரும், அதில் 45 மி.மீ. ஏற்றலாம், 22.5 மீட்டர் வரை போகலாம். வித்தியாசம் என்று சொன்னால் அதைத்தான் சொல்லவேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் மரக் கேமராவின் முன் பலகை எத்தனை மி.மீ. ஏறும்? அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். என்னுடையது 28 மி.மீ.க்கு மேல் ஏறாது. 210 வட்டமே 33 மி.மீ. அனுமதிக்கும்போது 28இல் நின்றுவிடும் கேமராவுக்கு 214 எதற்கு, 231தான் எதற்கு? கேமராவின் படுகையையே (அடித்தட்டையே) மேல்நோக்கிச் சாய்த்து, முன் பலகையையும் பின் பலகையையும் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்தும் வித்தை ஒன்று உண்டு. அதைச் செய்தால் கேமராவின் வரம்பைத் தாண்டலாம், அப்போது மட்டுமே வட்டத்தின் அளவு உங்களைத் தடுக்கும். அதைச் செய்யும் பொறுமை உங்களுக்கு உண்டா என்பது எனக்குத் தெரியாது. ரத வீதியில், ஆட்டோக்களுக்கு நடுவில், எனக்கு இல்லை.

கூர்மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப் 22இல் ஒளி சிறு துளையின் விளிம்பில் சிதறுவதால் எந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு மி.மீ.க்குச் சுமார் 68 கோட்டு இணைகளுக்கு (ஒரு கருப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) மேல் பிரித்துக் காட்ட இயலாது. 1500ஐத் துளை எண்ணால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும் எண் இது. 16×20 அச்சு நான்கு மடங்கு பெரிதாக்கல்தான், ஆகவே தாளில் 17 வரும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு போதும். ஜெர்மனியும் ஜப்பானும் சண்டை போட்டுக்கொள்வது உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

கிருஷ்ணாபுரத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிரோனார்-என் லென்ஸை 1:20 என்ற சுருக்க விகிதத்துக்கு உகந்ததாக வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரமுள்ள உருவத்தைப் பத்து செ.மீ.யில் அடக்கினால் அது மிகச் சரியாக 1:20, லென்ஸிலிருந்து 3.15 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். அந்தக் குறவனுக்காகவே கணக்கிட்டதுபோல் இருக்கிறது. இருந்தாலும் மற்ற இரண்டும் அந்தத் தூரத்தில் தடுமாறப்போவதில்லை என்பதால் இதை ஒரு காரணமாக வைத்து வாங்கவேண்டாம்.

கண்ணாடியில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் மேற்பூச்சில் மட்டும் சிம்மார்-எஸ் சற்று விசாரிக்கவேண்டிய லென்ஸ். பழையவற்றில் ஒற்றைப் பூச்சு. பின்னால் வந்தவற்றின் வளையத்தில் மல்டிகோட்டிங் (பல அடுக்குப் பூச்சு) என்றே பொறித்திருப்பார்கள். ஆற்றில் எதிர்வெயிலில் எடுக்கும்போது அது ஓரளவு உதவும். இல்லாவிட்டாலும் ஃபிலிம் ஹோல்டரின் கருந்தகட்டை உருவி லென்ஸுக்கு மேல் குடையாகப் பிடித்தால் அதைவிட அதிகம் உதவும்.

எனவே நான் பெயரைப் பார்க்கமாட்டேன். அந்தந்தப் பொருள் இருக்கும் நிலையைத்தான் பார்ப்பேன். பெரியவரிடம் போய் மூன்று காரியம் செய்யுங்கள். ஷட்டரைத் திறந்துவைத்து, பின்னாலிருந்து கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல்போல் கிளைத்துத் தெரியும். அடுத்து, கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டகம் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியில் ஷட்டரைப் பதிவு செய்யுங்கள். 1/30 நொடிக்கு எட்டுச் சட்டகங்களில் வெளிச்சம் தெரியவேண்டும், 1/60க்கு நான்கு, ஒரு நொடிக்கு 240. மூன்றாவதாக, முன் தொகுதியையும் பின் தொகுதியையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றும்போது தாள்போல் மெல்லிய பித்தளை வளையம் ஏதேனும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷிம் என்பார்கள். இரண்டு தொகுதிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சரிசெய்ய வைத்தது அது. யாராவது துடைக்கிறேன் பேர்வழி என்று கழற்றித் தொலைத்திருந்தால் எந்த ஜெர்மன் பெயரும் காப்பாற்றாது.

மேலப்பாளையம் எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கணக்கோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் நிக்காருக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும், என்னிடம் ஐந்து ஆண்டுகளாக இருப்பது அதுதான். முன் வளையம் 52 மி.மீ.; 35 மி.மீ. நிக்கான் கேமராவுக்கு நான் வைத்திருந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்கள் அப்படியே பொருந்திவிட்டன. சிரோனார்-என் 49 மி.மீ., சிம்மார்-எஸ் 58 மி.மீ. நீங்கள் கருப்பு வெள்ளைக்காரர், வானத்துக்கு மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் வெளியே போகமாட்டீர்கள். கையில் என்ன அளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் ஒரு வளையம் போட்டு மாட்டலாம், மாறாகச் செய்தால் மூலை இருண்டுபோகும்.

ஆனாலும் இன்று ஏலத்தில் வாங்கச் சொல்வேனா என்றால் தயங்குவேன். நிக்கான் பெரு வடிவ லென்ஸ்கள் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2006இலேயே அறிவித்துவிட்டது; சந்தையில் சுற்றுவதெல்லாம் பழையவை, ஜப்பானின் மழைக்காலமும் நம் சாரலுக்குச் சளைத்ததல்ல. எனக்கு வந்த முதல் லென்ஸில் விற்றவர் "சிறிது மங்கல், படத்தைப் பாதிக்காது" என்று எழுதியிருந்தார். விளக்கு அடித்துப் பார்த்தபோது பின் தொகுதிக்குள் பனிமூட்டம். வெயிலில் எடுத்த எதிர்மறைகள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. அதை விற்றுத் தொலைத்துவிட்டு இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது இருப்பது. இரண்டு லென்ஸ் விலையில் ஒரு லென்ஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் சாரல் எழுதியது:

கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் அல்ல இது, பொறுத்துக்கொள்ளவும். 150தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணாபுரத்துத் தூண்களில் உருவங்கள் தூணை விட்டு வெளியே துள்ளி நிற்பவை. முன்னால் நீளும் கைக்கும் பின்னாலிருக்கும் உடலுக்கும் நல்ல இடைவெளி உண்டு. மூன்று மீட்டரிலிருந்து எடுத்தால் கை பெரிதாகி முகம் சிறுத்துவிடும். 210 மி.மீ. லென்ஸில் அதே உருவத்தை அதே அளவில் எடுக்க 4.4 மீட்டர் பின்னால் நிற்கவேண்டிவரும். மண்டபத்தில் அதற்கு இடம் கிடைக்கும் தூண்களும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. இதே மூன்று பெயர்களிலும் 210 கிடைக்கிறது, பிம்ப வட்டம் 290ஐத் தாண்டும், 4×5க்கு அள்ளிக் கொடுத்த மாதிரி. குறை என்னவென்றால் அது கோப்பல் 1 என்னும் அளவு ஷட்டரில் வரும், பெரியது, மடக்குக் கேமராவின் முன்பலகை அதன் எடையில் சற்றுத் தொங்கும். ரத வீதியில் கோபுரத்துக்கும் அது உதவாது. நான் வற்புறுத்தவில்லை. 150 வாங்கிய பிறகு அடுத்ததாக 210 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, எந்த ஃபிலிம் போடப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கம் பலர் செய்வதுபோல் 8×10 எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கிச் சிவப்பு விளக்கில் நான்காக வெட்டிப் போடுவதாக இருந்தால், அதில் இரு பக்கமும் ஒளியுணர் குழம்பு பூசியிருப்பதால் முன்பக்கத்துப் பிம்பமும் பின்பக்கத்துப் பிம்பமும் மயிரிழை விலகியே விழும். அப்படிப்பட்ட ஃபிலிமில் சிம்மாரா சிரோனாரா என்று ஆராய்வது, சாக்குப் பையில் அரித்து எடுத்த மாவை மஸ்லினில் அரித்ததா என்று கேட்பதைப் போன்றது.

குறுக்குத்துறை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஃபிலிம் எக்ஸ்ரேதான், பழகும்வரை அதுதான் கட்டுப்படியாகும், பிறகு இல்ஃபோர்ட் எஃப்பி4 வாங்குவேன். முன் பலகையை அளந்தேன்: 30 மி.மீ. ஏறுகிறது, அதற்கு மேல் துருத்தி இழுக்கிறது. ஆகவே பிம்ப வட்டப் பேச்சை நான் இத்தோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனேன். தோல் பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது, ஆற்று வண்டலின் வாசனை. பெட்டியின் அடிப்பக்கத் தையல் நெடுகிலும் செம்மண் கோடு ஒன்று மெல்லியதாகப் படிந்திருந்தது. கேட்டபோது, பரண்வரை தண்ணீர் வரவில்லை, இறக்கிய பிறகு ஈரத் தரையில் இரண்டு நாள் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். விளக்கு அடித்துப் பார்த்தேன். முன் தொகுதி பளிங்குபோல் இருந்தது. பின் தொகுதியின் விளிம்பில் உப்புத் தூவியதைப்போல் பத்துப் பதினைந்து வெள்ளைப் புள்ளிகள். நூல்போல் எதுவும் இல்லை. வளையத்தில் மல்டிகோட்டிங் என்று பொறித்திருக்கிறது.

ஷட்டர்தான் சிக்கல். 1/125 சரியாக இருப்பதாகத் தோன்றியது, இரண்டு சட்டகம். 1/30இல் எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு; பத்து முறை அடித்ததில் ஒருமுறை பதினொன்று, இன்னொரு முறை பதினான்கு. ஒரு நொடி என்று வைத்து அழுத்தினால் 390 சட்டகம் ஓடுகிறது, கடைசியில் உள்ளிருக்கும் பல்சக்கரம் முனகி முனகி நிற்பது காதில் கேட்கிறது. அவரும் கேட்டார். "மழையில் நனைந்த கோழி மாதிரிச் சத்தம் போடுதே" என்று அவரே சிரித்துவிட்டார்.

மறுநாளே மதுரைக்கும் போய்வந்தேன். அங்கே நிலைமை தலைகீழ். ஷட்டர் கடிகாரம்போல் ஓடுகிறது: எட்டு, நான்கு, 241. ஆனால் பின் தொகுதிக்குள், சரியாக நடுவில், விளக்கு அடித்தால் மட்டும் தெரியும்படி பூஞ்சை கிளை விட்டிருக்கிறது. விற்பவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை, அவருக்கும் முகம் வாடிவிட்டது.

பெரியவரின் ஷட்டரை நம் ஊரில் எண்ணெய் போட்டுச் சரிசெய்ய யாரேனும் இருக்கிறார்களா?

மேலப்பாளையம் எழுதியது:

எண்ணெய் என்ற பேச்சே வேண்டாம். என்னுடைய பழைய ஷட்டர் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். மனிதர் நல்ல வேலைக்காரர்தான், கைக்கடிகாரத்துக்குப் போடுவதுபோல் இரண்டு சொட்டு விட்டார். ஒரு வாரம் அருமையாக ஓடியது. சித்திரை வெயிலில் எண்ணெய் இளகி, ஷட்டரைத் திறந்து மூடும் இலைகளுக்கு ஊர்ந்தபின் ஐந்து இலைகளும் ஒன்றோடொன்று அப்பளம்போல் ஒட்டிக்கொண்டன. ஷட்டரின் இலைகள் உலர்ந்தே இருக்கவேண்டும். மெதுவாக ஓடும் ஷட்டருக்குச் செய்யவேண்டியது பழைய பிசுக்கைக் கழுவி எடுப்பது, புதிதாக ஊற்றுவது அல்ல.

பாளை கருப்புத்துணி எழுதியது:

வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு அஞ்சவேண்டாம். கண்ணாடியின் விளிம்பில் உட்புறம் பூசிய கருப்பு வண்ணம் கண்ணாடியை விட்டு விலகும் இடங்கள் அவை. ஷ்னைடர் லென்ஸ்களில் இது அவ்வளவு சாதாரணம் என்பதால் ஷ்னைடரைட்டிஸ் என்று நோய்ப்பெயரே வைத்திருக்கிறார்கள். படத்தில் எதுவும் தெரியாது, விலை பேச மட்டும் உதவும். பூஞ்சை வேறு. அது மேற்பூச்சைத் தின்று கண்ணாடியில் தழும்பு விடும். துடைத்தாலும் தழும்பு போகாது, நடுவில் இருந்தால் எதிர்வெயிலில் படத்தின் கருப்பு வெள்ளை மாறுபாட்டைக் குறைக்கும். நீங்கள் ஆற்றுக்கு முன்னால் நிற்கப்போகிறவர், மதுரை லென்ஸை விட்டுவிடுங்கள்.

ஷட்டர் பழுது என்பதற்காக நல்ல கண்ணாடியைக் கைவிடவேண்டியதில்லை. இந்த வகை லென்ஸில் கண்ணாடியும் ஷட்டரும் தனித்தனிப் பொருள்கள். உங்கள் 150இல் இருக்கும் கோப்பல் 0 என்னும் அளவு ஷட்டர் உலகில் எங்கே வாங்கினாலும் ஒரே மரை, ஒரே தடிமன். அந்தச் சிம்மாரின் இரு தொகுதிகளையும் கழற்றி வேறொரு கோப்பல் 0இல் திருகினால் அப்படியே உட்காரும். ஷிம் இருந்தால் அதையும் கூடவே மாற்றவேண்டும். மாறுவது ஒன்றே ஒன்றுதான்: துளை அளவு காட்டும் தகடு முந்தைய லென்ஸுக்காகப் பொறித்தது என்பதால் எண்கள் சற்று விலகும். அதற்கு ஒரு வழி உண்டு. லென்ஸை ஒரு கைநீளத்துக்கு அப்பால் நிறுத்தி முன் கண்ணாடி வழியே தெரியும் துளையின் விட்டத்தை அளவுகோலால் அளக்கவேண்டும். 150ஐத் துளை எண்ணால் வகுத்தால் எவ்வளவு இருக்கவேண்டும் என்று தெரியும். எஃப் 11க்கு 13.6 மி.மீ., 16க்கு 9.4, 22க்கு 6.8, 32க்கு 4.7. நெம்புகோல் நிற்கும் இடத்தில் காகிதத்தில் குறித்து ஒட்டிக்கொள்ளலாம்.

பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன என்னுடைய பழைய 150இன் ஷட்டர் பத்து வருடமாகச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சும்மா கிடக்கிறது. அதுவும் கோப்பல் 0தான், மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறேன். பெரியவரிடம் ஷட்டர் பழுதைச் சொல்லிக் கண்ணாடிக்கு உரிய விலை மட்டும் பேசுங்கள். லென்ஸோடு பாளைக்கு வாருங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம். லென்ஸ் பலகைக்குத் துளை போடவில்லை என்றால் பேட்டையில் லேத் பட்டறையில் 34.6 மி.மீ. என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் 35 போட்டுவிடுவார்கள்.

குறுக்குத்துறை எழுதியது:

அண்ணாச்சி வீட்டு மாடியில் நேற்று மாலை வேலை முடிந்தது. பெரியவர் 14,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார், தோல் பெட்டியையும் கொடுத்தார். பெட்டியை நான் வெளித் திண்ணையிலேயே வைத்துவிட்டேன். முன் தொகுதியின் தோளில் ஷிம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, சேமியாவை நசுக்கியதுபோல் அவ்வளவு மெல்லியது, சொல்லாதிருந்தால் அழுக்கு என்று சுரண்டியிருப்பேன். மாற்றிய ஷட்டரில் 1/30க்கு எட்டும் ஒன்பதுமாக வருகிறது. பழைய தகட்டில் 22 என்று நின்ற இடத்தில் துளை 7.2 மி.மீ. இருந்தது, 6.8 வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, மேலே ஒளிபுகும் நாடா ஒட்டியிருக்கிறேன். மற்ற எண்களையும் அவ்வாறே குறித்தோம். ஃபில்டர் 58 மி.மீ.யில் மஞ்சள் ஒன்று வாங்கவேண்டும்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் இருப்பேன். அண்ணாச்சி, கருந்தகட்டைக் குடையாகப் பிடிக்க ஒரு கை கூடுதலாக வேண்டியிருக்கிறது, முடிந்தால் வாருங்கள்.